கூர்மூக்கின் இரு சுழல்கள்

கோலசிலாங்கூரின் பாசிர் பெனாம்பாங் படகுத்துறையிலிருந்து ஆற்று முகத்துவாரம் நோக்கிப் போகும் படகுகளில் மாலை நேரங்களில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். அவர்கள் பார்க்கப் போவது கழுகுகளை. செம்பருந்துகளும் வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் படகைச் சூழ்ந்து வட்டமிடும். வீசப்படும் இரையைத் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து கொத்திக்கொண்டு மேலேறும். இப்படி இரை வீசிப் பழக்குவது பறவைகளுக்கு நல்லதா என்பது வேறு விவாதம். நாம் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த காட்சியை. இரையுடன் திரும்பும் கழுகு, கரையோரச் சதுப்புநில மரத்தின் கிளையில் இறங்கும் அந்த ஓரிரு நொடிகளைப் பாருங்கள். உடலை நிமிர்த்தி, இறக்கைகளை ஏறத்தாழச் செங்குத்தாகக் காற்றுக்கு எதிரே விரித்துப் பிடிக்கிறது. அப்போது இறக்கையின் முன்விளிம்பில், நம் கையில் கட்டைவிரல் இருக்கும் இடத்துக்கு ஒப்பான இடத்தில், சில குட்டி இறகுகள் தனியே எழுந்து நிற்கும். பறக்கும்போது மடங்கிக் கிடக்கும் இவை, உடல் இவ்வாறு நிமிரும்போது மட்டும் எழுகின்றன. இறக்கையின் மேலோடும் காற்று சட்டெனப் பிய்ந்து போகாமல் இவை காக்கின்றன. கழுகு விழாமல் இறங்குகிறது.

ஒரு போர் விமானமும் சில வேளைகளில் இதேபோல் நிமிர வேண்டியிருக்கிறது. எதிரியைத் துரத்தும்போதோ எதிரியிடமிருந்து தப்பும்போதோ விமானி மூக்கைச் செங்குத்தாக மேலே தூக்குகிறார். அப்போது ஒரு விந்தையான ஆபத்து நேரலாம். விமானி எந்தக் கட்டளையும் கொடுக்காமலே மூக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுக்கப்படும். எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஒரே வரைபடத்தைப் பார்த்து, ஒரே தொழிற்சாலையில் கட்டப்பட்ட இரண்டு விமானங்களில் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் இழுக்கலாம். எதிரே வீசும் காற்று இரு பக்கமும் ஒன்றுதான். மூக்கின் வடிவமும் இரு பக்கமும் ஒன்றுதான். பிறகு இந்தப் பக்கச்சார்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். விமானம் வானத்தை நோக்கி நிற்பதும் ‘தாக்குகோணம்’ என்பதும் ஒன்றல்ல. விமானத்தின் உடல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கும், எந்தத் திசையிலிருந்து காற்று வந்து அதன்மேல் மோதுகிறதோ அதற்கும் இடையிலுள்ள கோணமே தாக்குகோணம். நேர் மேலே பாயும் ராக்கெட்டுக்குத் தாக்குகோணம் ஏறத்தாழச் சுழியம். ஏனெனில் காற்று அதன் நுனியில்தான் மோதுகிறது. மாறாக, முன்னோக்கிப் பறந்துகொண்டே மூக்கை மட்டும் 50 பாகை தூக்கிய விமானத்துக்குத் தாக்குகோணம் 50 பாகை. காற்று அதன் அடிவயிற்றில் வந்து அடிக்கிறது.

அடிவயிற்றில் மோதிய காற்று எங்கே போகும்? மூக்கின் இரு பக்கங்களையும் சுற்றி மேலே ஏறும். ஆனால் முதுகுப்புறம் வரை உடலை ஒட்டியே அதனால் ஓட முடிவதில்லை. பாதியில் உடலைவிட்டுப் பிரிந்து சுருண்டுகொள்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிகளைப் பார்க்கச் சம்பானில் போனவர்களுக்கு இது புதிதல்ல. துடுப்பைத் தண்ணீரில் இழுக்கும்போது அதன் இரு விளிம்புகளிலும் இரண்டு குட்டிச் சுழிகள் தோன்றும். ஒன்று இடஞ்சுழி, மற்றது வலஞ்சுழி. விமான மூக்கின் மேலும் இதுவே நடக்கிறது. நுனியில் பிறந்து, மூக்கின் நீளத்துக்கும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு பின்னோக்கி ஓடும் இரண்டு காற்றுச் சுழல்கள் உருவாகின்றன. சுழலின் நடுவே அழுத்தம் குறைவு. ஆகவே ஒவ்வொரு சுழலும் தன் பக்கத்து உடலைத் தன்னை நோக்கி உறிஞ்சுகிறது. இரண்டும் சம உயரத்தில், சம வலிமையில் இருக்கும்வரை இடப்பக்க இழுப்பும் வலப்பக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மீதமிருப்பது மேல்நோக்கிய இழுப்பு மட்டுமே. அது விமானத்துக்கு நன்மையே.

சிக்கல் அவை சமமாக நீடிப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி அசையாமல் விடுங்கள். மேலே முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தி நேர்க்கோட்டில் இழுங்கள். இழுக்கத் தொடங்கிய கணத்தில் பென்சிலின் பின்னால் இரண்டு சுழிகள் இரட்டைப் பிள்ளைகள்போல் சமமாகத் தோன்றும். தொடர்ந்து இழுத்தால் ஒன்று பருத்துப் பென்சிலைவிட்டு விலகும். மற்றது நெருங்கி நிற்கும். பிறகு அதுவும் விலகும். புதிய சுழி பிறக்கும். இப்படி இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிகள் கழன்று வரிசையாக நிற்கும். ஹங்கேரியில் பிறந்த அறிவியலாளர் தியோடர் வான் கார்மன் 1911ஆம் ஆண்டில் இந்த வரிசைக்குக் கணித விளக்கம் அளித்தார். அவர் பெயராலேயே இது இன்றும் வழங்கப்படுகிறது.

இப்போது பென்சிலை மறந்துவிட்டு விமான மூக்கை நினைத்துப் பாருங்கள். மூக்கின் நுனிதான் நீங்கள் பென்சிலை இழுக்கத் தொடங்கிய கணம். நுனியிலிருந்து பின்னே போகப்போக, நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் நேரமாக நிகழ்ந்தது மூக்கில் நீளமாக நிகழ்கிறது. நுனிக்கு அருகே சுழல்கள் சமமாக இருக்கும். சற்றுப் பின்னே ஒன்று உடலைவிட்டு உயர எழும்பிவிடும். மற்றது தாழ்ந்து உடலோடு ஒட்டிக்கிடக்கும். மூக்கு நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால், இந்தச் சமநிலை குலைவதற்கு வேண்டிய ‘நேரம்’ அதில் தாராளமாக இருக்கிறது. அதனால்தான் கூர்மையான மூக்குகள் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகின்றன. கூம்பு வடிவ மூக்குகளில், தாக்குகோணம் கூம்பின் முழு முனைக்கோணத்தை ஏறத்தாழத் தாண்டும்போதே சமநிலை குலையத் தொடங்கிவிடுகிறது. 20 பாகைக் கூம்பு என்றால் 20 பாகையை ஒட்டி; இன்னும் கூரானது என்றால் இன்னும் முன்னதாகவே.

ஒட்டிக்கிடக்கும் சுழல் பலமாக உறிஞ்சுகிறது. எழும்பிய சுழலால் அவ்வளவு உறிஞ்ச முடியவில்லை. மூக்கு தாழ்ந்த சுழலின் பக்கம் இழுபடுகிறது. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் இந்தப் பக்கவாட்டு விசை, மூக்கை மேலே தூக்கும் விசைக்கு ஈடாகக்கூட வளர்ந்திருக்கிறது.

எந்தச் சுழல் எழும்பும் என்பதை முடிவுசெய்வது எது? ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்த முறை எளிமையானது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுவே. காற்றுச் சுரங்கத்தில் கூர்மூக்கு மாதிரி ஒன்றை நிறுத்தினார்கள். அது ஒரு பக்கம் இழுத்தது. பிறகு மாதிரியின் மற்றப் பகுதிகளைத் தொடாமல், நுனியை மட்டும் அதன் அச்சில் சற்றுத் திருப்பினார்கள். இழுப்பு மறுபக்கம் மாறிவிட்டது! குற்றவாளி நுனியில்தான் இருக்கிறது. கடைசல் இயந்திரம் விட்டுச்சென்ற கண்ணுக்குப் புலப்படாத கீறல், சாயத்தின் ஒரு பொருக்கு, ஒட்டிய தூசு என இவற்றில் ஒன்றே போதும். நுனியில் சுழல்கள் பிறக்கும்போது அந்தச் சிறு குறை ஒன்றுக்குக் கடுகளவு கூடுதல் இடம் கொடுக்கிறது. பின்னே போகப்போக அந்தக் கடுகு மலையாகிறது.

சரி, மூக்கு ஒரு பக்கம் இழுத்தால் சுக்கானை மறுபக்கம் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் உயிருக்கே ஆபத்து. விமானத்தின் சுக்கான் வாலில், செங்குத்துத் தகட்டின் பின்விளிம்பில் இருக்கிறது. விமானம் செங்குத்தாக நிமிர்ந்திருக்கும்போது உடலும் இறக்கைகளும் அந்த வாலை மறைத்துவிடுகின்றன. உயர் தாக்குகோணத்தில் சுக்கான், உடலிலிருந்து பிய்ந்துவந்த, வேகமிழந்த, கலங்கிய காற்றில்தான் நிற்கிறது. ஓடாத தண்ணீரில் படகின் சுக்கானைத் திருப்பினால் படகு திரும்பாது அல்லவா? அதைப் போலத்தான். விமானிக்குச் சுக்கான் மிகவும் தேவைப்படும் நொடியில் அது செயலற்றுக் கிடக்கிறது. மூக்கு தொடர்ந்து ஒரு பக்கம் திரும்பினால் விமானம் பம்பரம்போல் சுழன்றபடி கீழே விழத் தொடங்கும். போதிய உயரம் இல்லையென்றால் விமானி இருக்கையோடு வெளியே பாய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மூக்கைப் பற்றிச் சொல்லும்முன் ஒரு புகைபோக்கியைப் பார்த்துவிடுவோம். வட சிலாங்கூரில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலைகளின் புகைபோக்கிகள் பழகிய காட்சி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. (பெயரோ தென்னமரம், புகழோ செம்பனையால்.) நெடிய, ஒல்லியான இரும்புப் புகைபோக்கிகள் சிலவற்றின் மேற்பகுதியில், கொடி சுற்றியதுபோல் ஒரு பட்டை சுற்றிச்சுற்றி ஏறுவதைப் பார்க்கலாம். அது அழகுக்காக அன்று. காற்று வீசும்போது புகைபோக்கியின் பின்னாலும் நம் பென்சிலின் பின்னால் போலவே சுழல்கள் மாறிமாறிக் கழலும். அந்தத் தாளம் புகைபோக்கியையே ஆட்டிவிடும். சுற்றிய பட்டை ஒவ்வோர் உயரத்திலும் காற்றை வெவ்வேறு இடத்தில் பிரியவைத்துத் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. சில கார்களின் ஏரியல் கம்பியிலும் இப்படிச் சுற்றிய இழையைக் காணலாம். காற்றைத் தடுப்பது அதன் வேலையன்று. காற்று எங்கே பிரிய வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது. விமான மூக்குக்குக் கிடைத்த மருந்தும் இந்த வகையைச் சேர்ந்ததே.

நம் நாட்டு விமானங்களிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. அரச மலேசிய ஆகாயப் படை 1995இல் பெறத் தொடங்கிய 18 மிக்-29என் விமானங்கள் குவாந்தானிலிருந்து பறந்தன. அவை இப்போது பணியில் இல்லை. அந்த வகை விமானத்தின் படத்தைக் கூர்ந்து பார்த்தால், மூக்கு நுனியிலிருந்து ஈட்டிபோல் நீளும் குழாய் ஒன்று தெரியும். பறக்கும் வேகத்தை அளப்பதற்கான குழாய் அது. அதன் இரு பக்கமும் சிறு தகடுகள் ஒட்டியிருக்கும். அளப்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. நுனியில் பிறக்கும் இரு சுழல்களும் கீறலையும் தூசையும் நம்பியிராமல், அந்தத் தகடுகளிலிருந்து சமமாகப் பிறக்கட்டும் என்பதற்காகவே அவை அங்கே இருக்கின்றன. அவ்வளவு பெரிய விமானத்தின் நடத்தையை அவ்வளவு சிறிய தகடுகள் திருத்துகின்றன.

அதற்கு முன்பே, 1975இல், பட்டர்வொர்த் தளத்துக்கு எஃப்-5இ விமானங்கள் வந்தன. ஊசிபோன்ற மூக்கு கொண்டவை அவை. அதே வகையில் பிற்காலத்தில் கட்டப்பட்ட சில விமானங்களில் மூக்கைச் சற்றுத் தட்டையாக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் சுறாவின் முகம்போல் இருக்கும். உருண்டையான மூக்கில் காற்று பிரியும் இடம் இங்குமங்கும் நழுவும். தட்டையான மூக்கிலோ பக்க ஓரங்களிலேயே பிரிந்தாக வேண்டும். அதனால் சுழல்கள் ஒழுங்காகின்றன. பக்கவாட்டில் நழுவினாலும் மூக்கு மீண்டும் காற்றின் திசைக்கே திரும்ப முனைகிறது.

இதுவரை சொன்னவை நோயைத் தணிக்கும் வழிகள். இதைவிடத் துணிச்சலான எண்ணமும் சிலருக்கு வந்தது. சிறு தூண்டல் ஒன்றே மூக்கை இவ்வளவு பலமாக இழுக்குமென்றால், அந்தத் தூண்டலை விமானியின் கையில் கொடுத்துவிட்டால் என்ன? செயலற்றுப்போன சுக்கானுக்குப் பதிலாக, மூக்கின் சுழல்களையே சுக்கானாக்கிவிடலாமே!

அமெரிக்காவின் எக்ஸ்-29 ஆய்வு விமானத்தில் 1992ஆம் ஆண்டு இது சோதிக்கப்பட்டது. முன்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளால் பெயர்பெற்ற அந்த விமானத்தின் முன்பகுதி, நம் எஃப்-5இ விமானத்தின் மூத்த உடன்பிறப்பான எஃப்-5ஏ விமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. மூக்கின் மேற்புறத்தில் இரண்டு சிறு துளைக்குழாய்களும், உள்ளே அழுத்தமூட்டிய நைட்ரஜன் கலன்களும் பொருத்தப்பட்டன. ஒரு பக்கத் துளையிலிருந்து வாயுவைப் பீய்ச்சினால் அந்தப் பக்கச் சுழல் உடலோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சல் கூடும், மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். மே முதல் ஆகஸ்டு வரை 60 பறப்புகள் நடந்தன. சுக்கான் கைவிட்ட உயர்கோணங்களில் இந்த மெல்லிய பீய்ச்சல் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மூக்கைத் திருப்பியது. ஆனால் விமானம் ஏற்கெனவே பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு பயன் தரவில்லை. இறக்கைகள் இருபக்கமும் ஊசலாடுவதையும் அதனால் பெரிதாக அடக்க முடியவில்லை.

இன்னொரு முயற்சி நாசா நடத்தியது. 1987 முதல் 1996 வரை ஓர் எஃப்-18 விமானத்தை இதற்கெனவே ஒதுக்கி 385 முறை பறக்கவிட்டார்கள். 70 பாகைத் தாக்குகோணம் வரை சென்றார்கள். கடைசிக் கட்டத்தில் மூக்கின் இரு பக்கமும் நான்கு அடி நீளமும் ஆறு அங்குல அகலமும் உள்ள தகடுகளைக் கீல்வைத்துப் பொருத்தினார்கள். சாதாரணமாகப் பறக்கும்போது அவை உடலோடு மடங்கிக் கிடக்கும். நிமிரும்போது வேண்டிய அளவு விரியும். கழுகின் கட்டைவிரல் இறகுகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மூக்கின்மேல் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க அவர்கள் செய்த ஏற்பாடு சுவையானது. மூக்கைச் சுற்றியிருந்த நுண்துளைகள் வழியாகச் சாயம் கலந்த திரவத்தைக் கசியவிடுவார்கள். விமானி ஒரே கோணத்தில் நிலையாகப் பறப்பார். திரவம் ஆவியாகிச் சாயக்கோடுகள் மட்டும் மூக்கில் படிந்திருக்கும். தரையிறங்கியபின் அந்தக் கோடுகளைப் படம் பிடித்துப் படிப்பார்கள். சுழல்களைக் காட்டப் புகையையும் வெளியிட்டார்கள். அந்தச் சோதனைகள் நடந்தது கலிபோர்னியாவின் வறண்ட பாலைவனத்தில்.

நமக்குப் புகை தேவையில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த எஃப்/ஏ-18டி விமானங்கள் எட்டு, 1997 முதல் நம் ஆகாயப் படையில் இருக்கின்றன. லங்காவியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் லீமா கண்காட்சியில் அத்தகைய விமானம் சட்டென நிமிரும்போது, இறக்கையின் முன்வேரில் தொடங்கி முதுகின்மேல் இரண்டு வெண்ணிறக் கயிறுகள் முறுக்கிக்கொண்டு ஓடுவதைக் காணலாம். பலர் அதை எந்திரப் புகை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம். சுழலின் நடுவே அழுத்தம் குறைவதால் காற்று குளிர்கிறது. ஈரம் நுண்துளிகளாக உறைந்து வெண்மையாகத் தெரிகிறது. அந்தக் கயிறுகள் இறக்கையின் வேரில் பிறந்தவை. மூக்கில் பிறந்தவை அல்ல. ஆனால் பிறக்கும் முறை ஒன்றே.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் பீய்ச்சும் துளைகளோ விரியும் தகடுகளோ படைகளில் பணியாற்றும் விமானங்களின் மூக்கில் இடம்பெறவில்லை. முக்கியக் காரணம் மூக்கினுள்ளேயே இருக்கிறது. அங்கேதான் ரேடார் அமர்ந்திருக்கிறது. அதன் அலைகள் ஊடுருவிச் செல்லும்படி மூக்கின் உறையைத் தனிப்பொருளால் செய்கிறார்கள். அதன் முன்னே உலோகக் கீல்களையும் குழாய்களையும் வைத்தால் விமானத்தின் கண்ணை நாமே மறைப்பதாகும். மேலும், அதே வேலைக்கு வேறு வழி ஒன்றும் வந்துவிட்டது. கோங் கெடாக் தளத்திலிருந்து பறக்கும் நம் சுகோய் சு-30எம்கேஎம் விமானங்கள் 18 இருக்கின்றன. அவற்றின் எந்திர வாய்கள் திரும்பக்கூடியவை. சுக்கானைச் சுற்றிக் காற்று ஓடாவிட்டாலும், எந்திரத்திலிருந்து பீறிடும் வெப்பக் காற்றையே சாய்த்து விமானத்தைத் திருப்பலாம். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் இந்த வசதி என்பதையும் மறக்கக்கூடாது.

மூக்கின் சிக்கல் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அதைத் தீர்க்கும் இடம்தான் மாறியது. அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35 போன்ற புதிய விமானங்களின் மூக்கு உருண்டையாக இல்லை. நுனியிலிருந்து பக்கவாட்டில் ஒரு கூரிய விளிம்பு, மடித்த தாளின் மடிப்புபோல் நெடுக ஓடுகிறது. எதிரியின் ரேடாருக்கு எளிதில் புலப்படாமல் இருப்பதற்காகவே முதன்மையாக அந்த வடிவம் தரப்பட்டது. ஆனால் அடிவயிற்றிலிருந்து ஏறிவரும் காற்று அந்த விளிம்பைத் தாண்டி உருள முடியாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் அங்கேயே பிரிந்தாக வேண்டும். உருண்டை மூக்கில் நுனியின் தூசுக்கு விடப்பட்டிருந்த முடிவை, இந்த விமானங்களுக்கு வரைபடம் வரைந்தவர்களே எடுத்துவிட்டார்கள்.